சோத்தக் குறைச்சு சீனி இறங்கின ஆக்கள், கால் விறைச்ச ஆக்கள்: உங்களுக்கு நடந்ததச் சொல்லுங்க

உகந்தைப் பாதை:
ரெண்டு வருசமாகுது, அந்த முள்ளு இன்னும் கண்ணுக்குள்ளயே நிக்குது, அதான் எழுதுறன். அப்பாக்கு சீனி வருத்தம் 14 வருசம். ஆடிக்கு உகந்தை முருகன் கோயிலில இருந்து காட்டுப்பாதையால கதிர்காமம் நடந்தம், அவர் வழமை போல வெறுங்கால். குமுக்கன் ஆத்தடியில பின்னேரம் மணல்ல குந்தியிருந்து பிளேன்டி குடிச்சிக்கிட்டு வயலுக்குத் தண்ணி வராத கதை சொல்லிக்கொண்டிருந்தார், நான் கால் கழுவிவிடுவம் எண்டு தண்ணி ஊத்தினா குதிக்குள்ள கறுப்பா ஒண்டு. மண்ணெண்டு நினைச்சு நகத்தால சுரண்டினன், அசையல்ல. பிடிச்சு இழுத்தா முள்ளு, என்ட சின்னவிரல்ல பாதி நீளம் வரும், பின்னால சீழும் ரத்தமும். எத்தின நாளா அதோட நடந்தாரோ தெரியா. அவர் கதைய நிப்பாட்டவே இல்ல. "என்ன மனே அங்க பாக்கிறா" எண்டு கேட்டார், அவ்வளவுதான்.

ஊருக்கு வந்து புண் ஆற ரெண்டு மாசம் போச்சு. அதுக்குப் பிறகுதான் சோத்தில கை வச்சம். மத்தியானம் மலை போல குவிச்சுத் தின்னுற மனிசன், இப்ப ஒரு சின்னக் கோப்பை, மிச்சமெல்லாம் மீனும் முருங்கையிலச் சுண்டலும் முட்டையும் தயிரும்தான், தயிருக்குப் பாணி இல்ல. மூண்டு மாசச் சராசரி பாக்கிற சீனி டெஸ்ட் (HbA1c) 10.4ல இருந்தது எட்டு மாசத்தில 7.2க்கு வந்திட்டு. ஆனா காலுக்கு உணர்ச்சி வரல்ல. ஆருக்காவது திரும்பி வந்திருக்கா?

களுவாஞ்சிக்குடி மருமகள்:
தம்பி உங்கட அப்பாக்கு டொக்டரோட கதைச்சுத்தான் சோத்தக் குறைச்சீங்களா? நாங்க அப்பிடிச் செய்யல்ல, அதச் சொல்லத்தான் வந்தன். எங்கட மாமி ஆரோ சொன்னாங்க எண்டு ஒரு கிழமைக்குள்ள சோறு, புட்டு, இடியப்பம் எல்லாத்தையும் ஒரேயடியா நிப்பாட்டிட்டா. குளிசைய மட்டும் அப்பிடியே போட்டா, சீனி இறக்கிற கிளிக்லசைட், காலையும் பின்னேரமும். சாமம் மூண்டு மணி இருக்கும், குசினியில சட்டி விழுந்த சத்தம் கேட்டுப் போனா மாமி லைட் போடாம நிக்கிறா, சீலை எல்லாம் தெப்பமா நனைஞ்சிருக்கு, என்னப் பாத்து செத்துப்போன அவட தங்கச்சிட பேரச் சொல்லிக் கூப்பிடுறா. "அரிசி எங்க புள்ள, அடுப்பு மூட்டோணும்" எண்டு. அந்தக் குரல் எனக்கு இப்பவும் கேட்கும். சீனி பாக்கிற மிசினில பாத்தா 48. கை நடுங்க நடுங்க சீனித் தண்ணி கரைச்சுப் பருக்கினன், நல்ல காலம் விழுங்கினா. கால் மணித்தியாலத்தில 81. விடிஞ்சதும் கிளினிக்குக்குக் கூட்டிப் போனம், டொக்டர் பேசினார், பேசினது சரிதான், மறுகா குளிசையப் பாதியாக்கினார். இப்ப மாமி சோறு குறைவாத்தான் சாப்பிடுறா, நல்லாத்தான் இருக்கா.

வாவிக்கரை:
தம்பிக்கு ஒரு விசயம், தங்கச்சிக்கு ஒரு விசயம். எனக்கு நடந்தது சின்னக் கதை. சோத்த விட்டு அந்த மூண்டு மாச டெஸ்ட்ட 11.6ல இருந்து மூண்டு மாசத்தில 7.9க்கு இறக்கினன், எல்லாரும் மெச்சினாங்க, அதோட ரெண்டு உள்ளங்காலும் நெருப்பில வச்ச மாதிரி எரியத் தொடங்கிட்டு. படுக்கையில போர்வை பட ஏலா. சாமத்தில எழும்பி விறாந்தைச் சீமெந்து நிலத்தில காலை வச்சுக்கொண்டு விடியுமட்டும் குந்தியிருப்பன். நான் நினைச்சன் சோத்த விட்டதாலதான் நரம்பு செத்துப்போச்செண்டு, திரும்பச் சோத்துக்குப் போகப் பாத்தன். கொழும்பில காட்டின பிறகுதான் தெரியும், கனகாலம் கூடி இருந்த சீனி மூண்டு மாசத்துக்குள்ள 2 புள்ளிக்கு மேல சடாரெண்டு இறங்கினா சிலபேருக்கு நரம்பு இப்பிடிக் கத்துமாம், இன்சுலினால இறங்கினாலும் சரி சாப்பாட்டால இறங்கினாலும் சரி. நரம்பு நோவுக்குப் பிரிகாபலின் குளிசை தந்தாங்க, ஒரு வருசத்துக்குக் கிட்டப் போய்த்தான் அடங்கினது. கண்ணுக்குள்ள பின்பக்கம் உள்ள விழித்திரையையும் அந்த நேரத்தில பாக்கச் சொன்னாங்க, சீனி கெதியா இறங்கினா அங்கயும் கொஞ்சக் காலம் மோசமாகலாம்.

இப்ப ஆரும் கேக்காட்டியும் சொல்லிப்போட்டுத்தான் போவன். குரக்கன் புட்டு சீனிக்கு நல்லம் எண்டு எங்கட ஆக்கள் கண்ண மூடிக்கொண்டு தின்னுறாங்க. குரக்கன் மா 100 கிராமில மாச்சத்து மட்டும் 70 கிராம் அளவில, அரிசி மாவில அதவிடக் கொஞ்சம்தான் கூட. நார் கொஞ்சம் கூட, அவ்வளவு. ரெண்டு நீத்துப்பெட்டி குரக்கன் புட்டச் சாப்பிட்டுப்போட்டு ரெண்டு மணித்தியாலத்தால மிசினில குத்திப் பாருங்க, உங்கட ரத்தமே சொல்லும். கருப்பட்டியும் சீனிதான், மரவள்ளியும் மாதான். அவிச்ச சோறு 240 மில்லி பிடிக்கிற ஒரு கோப்பையில கிட்டத்தட்ட 45 கிராம் மாச்சத்து இருக்கு, இத மனசில வச்சுக்கொண்டு கணக்குப் பண்ணுங்க. சுங்கான் மீன், கீரி மீன், இறால், நண்டு, கத்தரி, வெண்டி, வல்லாரை, பொன்னாங்காணி எல்லாம் நம்மட கடலிலயும் வாவியிலயும் வளவிலயும் கிடக்கு, காசு குடுத்து ஓட்ஸ் வாங்கத் தேவையில்ல. மிசினில சீனி 70க்குக் கீழ போனா மூண்டு தேக்கரண்டி சீனி கரைச்சுக் குடிக்கோணும், கால் மணித்தியாலத்தில திரும்பப் பாக்கோணும், ஆள் மயங்கிட்டா வாய்க்குள்ள ஒண்டும் ஊத்தப்படாது, 1990க்கு அடிச்சா அம்புலன்ஸ் வரும், காசில்ல. எம்பாக்ளிஃப்ளோசின் எண்ட சீனிக் குளிசை போடுற ஆக்கள் சோத்த முழுசா விடவே கூடாது டொக்டரிட்டக் கேக்காம, சீனி கூடாமலே ரத்தம் புளிச்சு ஆள் ஆசுப்பத்திரியில கிடக்க வரும். கிட்னி பழுதான ஆக்கள் மீன் இறைச்சிய அள்ளிப் போடாதீங்க, அதுக்கும் கேளுங்க. தம்பி கேட்ட கேள்விக்கு: போன உணர்ச்சி முழுசாத் திரும்பின ஆள நான் காணல்ல. 1993ல வந்த டிசிசிடி ஆய்வில, முதலாம் வகைச் சீனி வருத்தக்காரரில, இறுக்கமாக் கட்டுப்படுத்தினாக்களுக்கு நரம்புப் பாதிப்பு 60 வீதம் குறைஞ்சது. அது வராமத் தடுக்கிற கணக்கு. செத்ததை எழுப்புற கணக்கில்ல.

சம்மாந்துறை மகன்:
அஸ்ஸலாமு அலைக்கும். வாவிக்கரை காக்கா சொன்னதில முக்கால்வாசி சரி, கடைசிக் கதைய அப்பிடி அடிச்சுச் சொல்லாதீங்க, எங்கட வாப்பாட கதை வேற. கலியாண ஊடு, ஒரு சஹனுக்கு, அதான் சேந்து சாப்பிடுற பெரிய தட்டுக்கு, ஆறு பேர் குந்தியிருக்கம், வாப்பா சோத்தத் தொடாம இறைச்சிக் கறியையும் கத்தரிக்காய்ப் பாலையும் மட்டும் தன்ட பக்கத்தில இழுத்துச் சாப்பிடுறார். எதிரால இருந்த பெரியவர் ஒருத்தர் "பரக்கத்தான சோத்த ஒதுக்கிறயா" எண்டு தன்ட கையால ஒரு பிடி அள்ளி வாப்பாட பக்கம் வச்சார். அன்பாத்தான் வச்சார். வாப்பா அந்தச் சோத்தப் பாத்துக்கொண்டே இருந்தார், கண் கலங்கிட்டு, பிஸ்மி சொல்லித் திண்டுட்டார். எழும்பைக்க கால் மடங்கினது தெரியாம விழுந்தார், ரெண்டு பேர் தாங்கிப் பிடிச்சம். அந்தச் சபையில அவர்ட முகம் போன போக்க என்னால மறக்க ஏலா.

எல்லாரும் சீனியால எண்டுதான் சொன்னம். அடுத்த கிழமை பாத்த டொக்டர் முதல் கேட்டது, மெட்ஃபோமின் எண்ட சீனிக் குளிசை எத்தின வருசம்? 12 வருசம். உடன ரத்தத்தில விற்றமின் பி12 பாக்கச் சொன்னார், சரியான குறைவு. மெட்ஃபோமின் கனகாலம் போட்டா பி12 உடம்பில சேர்றது குறையும், அதாலயும் கால் விறைக்கும், பாத்தா சீனி நரம்பு மாதிரியே இருக்கும். ஊசி போட்டம். அஞ்சாறு மாசத்தால பள்ளிக்குப் போய் வந்து "இண்டைக்கு வுழூச் செய்யைக்க தண்ணி குளிந்தது மகன்" எண்டார், தொழ முதல் கால் கழுவுறதத்தான் சொல்றார். முழுசா இல்ல, ஆனா வந்திருக்கு. சோறும் இப்ப குறைவுதான். அதனால காக்கா, செத்தது எண்டு முடிவெடுக்க முதல் பி12 பாக்கச் சொல்லுங்க.

மண்டூராள்:
கிளினிக் வரிசையில எனக்குப் பக்கத்தில இருந்த ஐயா, குறிஞ்சா இலைச் சுண்டலும் சோறில்லாத சாப்பாடும்தானாம், ஆறு மாசமா குளிசை ஒண்டும் தொடல்லையாம், பெருமையாச் சொன்னார். நான் கீழ பாத்தன், அவர்ட இடது கால் சொப்பிங் பையால சுத்திக் கட்டியிருக்கு, ஈ மொய்க்குது. அவருக்கு மணமும் தெரியல்ல, நோவும் தெரியல்ல. நேர்ஸ் மிஸ் கூப்பிட்டு உள்ள கொண்டு போனாங்க. அடுத்த மாசம் அந்தக் கதிரையில அவர் இல்ல.

உகந்தைப் பாதை:
சம்மாந்துறை நானா, பெரிய உதவி. அப்பாவும் மெட்ஃபோமின் 14 வருசமாப் போடுறார், ஒருத்தரும் பி12 பாக்கல்ல, செவ்வாய்க்கிழமை கிளினிக், கேட்டே தீருவன். களுவாஞ்சிக்குடி அக்கா, ஓம், குளிசையக் குறைச்சுத்தான் செய்தம். மண்டூராள் எழுதினத வாசிச்சுப்போட்டு இப்பத்தான் டோர்ச்சக் கொண்டு போய் அப்பாட விரலிடுக்கெல்லாம் பாத்திட்டு வந்தன், ஒண்டுமில்ல. அவர் இந்த ஆடிக்கும் நடக்கப்போறன் எண்டு நிக்கிறார், நேர்த்தியாம், செருப்பு போட மாட்டாராம். காட்டுப்பாதையால சப்பாத்தோட நடந்த ஆக்கள் ஆராவது இருந்தா சொல்லுங்க, அவருக்கு வாசிச்சுக் காட்டோணும்.