படத்தைச் சுருக்கவும் பெரிதாக்கவும் எந்த முறை ஏற்றது?

கேள்வி: கிளிநொச்சி, ஸ்ரூடியோ நடத்துபவர்

வணக்கம். ஏ9 வீதியோரம் சிறிய ஸ்ரூடியோ ஒன்று நடத்துகிறேன். படங்களின் அளவை மாற்றும் வேலை எனக்கு இரண்டு விதமாக வருகிறது. கல்யாண வீடு, பூப்புனித நீராட்டு விழா, கோயில் திருவிழா ஆகியவற்றில் 6000க்கு 4000 பிக்சலில் எடுத்த படங்களை, வெளிநாட்டிலுள்ள உறவினருக்கு அனுப்புவதற்காக 2048 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கிக் கொடுக்கிறேன். சுருக்கிய பின் சேலையின் சரிகைக் கட்டங்களிலும் பின்னணியில் நிற்கும் கிடுகு வேலியிலும், மூலப்படத்தில் இல்லாத அலையலையான கோடுகள் தோன்றுகின்றன.

மற்றது, அடையாள அட்டை அளவிலான பழைய படத்தைப் பெரிதாக்கும் வேலை. 2009 இடப்பெயர்வில் அல்பங்களை விட்டுவிட்டு வந்த பல குடும்பங்களிடம் ஒருவருடைய படம் என்று அந்த ஒன்றுதான் மிஞ்சியிருக்கிறது. சுவரில் மாட்டுவதற்கு அதை 8க்கு 12 அங்குலத்தில் கேட்கிறார்கள். அண்மையில் காலமான முதியவர்களின் நினைவாக அச்சிடும் கல்வெட்டு அட்டைக்கும் இப்படியான படங்களே வருகின்றன.

போட்டோஷொப்பில் அளவுமாற்றும் முறைகளாகப் பைகியூபிக் என்ற பெயரிலேயே பல வகைகள் உள்ளன. கிம்ப்பில் கியூபிக், நோஹாலோ, லோஹாலோ என்றும், இர்ஃபான்வியூவில் லான்சோஸ் என்றும் இருக்கின்றன. இவற்றுக்கிடையே கண்ணுக்குத் தெரியும் வேறுபாடு உண்டா? செயற்கை நுண்ணறிவு மென்பொருளுக்கு மாறும்படி சிலர் சொல்வதை ஏற்கலாமா? விளக்கினால் உதவியாக இருக்கும்.

மறுமொழி 1: வவுனியா, அச்சக வடிவமைப்பாளர்

தம்பி, முதலில் அந்த அலைக்கோடுகள் கோப்பிலேயே இருக்கின்றனவா, திரையில் மட்டும் தெரிகின்றனவா என்று பாருங்கள். படத்தைத் திரைக்குள் அடக்கிக் காட்டும்போது, பார்வையிடும் மென்பொருளும் தன்பாட்டுக்கு அவசரமாக ஒரு சுருக்கலைச் செய்கிறது. சுருக்கிய கோப்பை நூறு வீதத்தில் திறந்த பிறகும் கோடு இருந்தால்தான் குற்றம் சுருக்கிய முறையினுடையது. மூலப்படத்தையும் அப்படித் திறந்து பாருங்கள். அதிலும் இருந்தால் அது கமெராவின் உணரியிலேயே உண்டானது, சுருக்கும் முறையை மாற்றி அதைப் போக்க முடியாது.

6000 பிக்சலை 2048 ஆக்கும்போது ஒவ்வொரு திசையிலும் ஏறத்தாழ மூன்று பிக்சல் ஒன்றாகிறது. அதாவது புதிய பிக்சல் ஒன்றுக்குள் பழையவை எட்டு ஒன்பது அடங்க வேண்டும். நியரெஸ்ட் நெய்பர் முறை அவற்றில் ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றவற்றைக் கைவிடுகிறது. பைலீனியர் முறையைச் சில மென்பொருள்கள் சுருக்கும் விகிதத்துக்கேற்ப விரிக்காமல் பயன்படுத்துவதால், அருகிலுள்ள நான்கு பிக்சல்கள் மட்டுமே கணக்கில் வருகின்றன, மீதி பார்க்கப்படுவதே இல்லை. சரிகை இழைகளும் கிடுகின் கீற்றுகளும் புதிய பிக்சல் கட்டத்தைவிட நுணுக்கமானவை. அவற்றைச் சராசரியாக்காமல் இடையிடையே பொறுக்கி எடுத்தால், இல்லாத அலை உருவாகிவிடும். இர்ஃபான்வியூவின் அளவுமாற்றும் பெட்டியில் தரம் குறைந்த விரைவு வழியும் தரம் கூடிய வழியும் தனித்தனியாக உண்டு. உங்களுடையது விரைவு வழியில் நிற்கிறதா என்று பாருங்கள்.

தரம் கூடிய வழியில் லான்சோஸைத் தெரிவுசெய்தால், உங்கள் விகிதத்தில் அது ஒவ்வொரு திசையிலும் பதினெட்டுப் பிக்சல் வரை கணக்கில் எடுக்கும். அலை பெரும்பாலும் அடங்கும், கூர்மையும் நிற்கும். ஆனால் கரிய தலைமயிர் வெளிறிய வானத்தைத் தொடும் இடத்தில் மெல்லிய வெள்ளை விளிம்பு ஒன்று தென்படலாம். வற்றாப்பளைப் பொங்கலில் வெட்டவெளியில் எடுத்த படங்களில் இதை நன்றாகக் காணலாம். போட்டோஷொப்பின் பைகியூபிக் ஷார்ப்பர் சுருக்கும்போதே கூர்மையையும் கூட்டுகிறது; சரிகை நிறைந்த படத்துக்கு அது மிகையாகிவிடும். சாதாரண பைகியூபிக்கில் சுருக்கி, தேவையான அளவு கூர்மையைப் பிறகு நானே சேர்ப்பதைத்தான் விரும்புகிறேன்.

இம்முறைகள் வெறும் விற்பனைப் பெயர்கள் அல்ல. இன்று புழங்கும் பைகியூபிக் முறைகளுக்கு ரொபேட் கீஸ் 1981இல் எழுதிய கட்டுரை அடிப்படை. 1988இல் டொன் மிச்செலும் அருண் நேத்ராவலியும் மங்கல், விளிம்புக்கோடு, படிக்கட்டுத் தன்மை ஆகிய மூன்றில் எது எவ்வளவு இருந்தால் கண் பொறுத்துக்கொள்ளும் என்பதைப் பார்வையாளர்களைக் கொண்டே சோதித்து, இடைப்பட்ட ஒரு வடிகட்டியை, அதாவது பழைய பிக்சல்களைக் கலந்து புதியதைக் கணிக்கும் விதியை, பரிந்துரைத்தார்கள்; அதுதான் மிச்செல் எனப்படுவது. கட்டளைகளால் படங்களை மாற்றும் இமேஜ்மஜிக் என்ற மென்பொருள், வேறு எதையும் நாம் குறிப்பிடாவிட்டால், வழக்கமான படங்களைச் சுருக்க லான்சோஸையும் பெரிதாக்க மிச்செலையும் எடுத்துக்கொள்கிறது. உங்கள் முதற் கேள்விக்கு அந்தத் தெரிவே பாதி விடை.

மறுமொழி 2: முல்லைத்தீவு, கணினி ஆசிரியர்

அண்ணா சொன்னதுடன் உடன்படுகிறேன். ஆனால் வடிகட்டியைவிடச் சில படங்களில் முக்கியமான ஒன்று விடுபட்டுள்ளது. கோப்பிலுள்ள எண்கள் ஒளியின் அளவுக்கு நேர்விகிதமானவை அல்ல. கறுப்பு 0, வெள்ளை 255 என்று அடுத்தடுத்து நிற்கும் இரண்டு பிக்சல்களை ஒன்றாக்கும்போது பெரும்பாலான மென்பொருள்கள் எண்களைச் சராசரியாக்கி 128 என்று எழுதுகின்றன. ஒளியைச் சராசரியாக்கினால் வர வேண்டியது 188. ஆகவே இருண்ட பின்னணியில் சிறு சிறு வெளிச்சங்கள் நிறைந்த படம், உதாரணமாக இரவுத் திருவிழாவின் மின்விளக்குச் சோடனை, சுருக்கியதும் சற்று மங்கிப்போகிறது. அதை வெளிச்சம் கூட்டித் திருத்த முனைந்தால் முகங்கள் வெளிறிவிடும்.

இமேஜ்மஜிக்கில் படத்தை, எண்கள் ஒளிக்கு நேர்விகிதமாக இருக்கும் வண்ணவெளிக்கு மாற்றி, சுருக்கி, மீண்டும் பழைய வெளிக்குக் கொண்டுவரலாம். போட்டோஷொப்பில் 32 பிற் நிலை அவ்வாறே இயங்குகிறது. பகல் வெளிச்சத்தில் எடுத்த சாதாரணப் படங்களுக்கு இவ்வளவு சிரமம் தேவையில்லை. பெரிதாக்கும்போது இம்முறையைத் தவிர்ப்பதே நல்லது. கரிய விளிம்புக்கோடுகள் கூடுதலாகத் தெரியும்.

நூற்றுக்கணக்கான படங்களை ஒரே கட்டளையில் மாற்றுபவர் என்றால், இமேஜ்மஜிக்கின் மொக்ரிஃபை கட்டளை வேறு கோப்புறை குறிப்பிடாதவிடத்து மூலக்கோப்பின் மேலேயே எழுதிவிடும் என்பதைக் கவனத்திற் கொள்ளுங்கள்.

மறுமொழி 3: மாங்குளம், பழைய படங்களைத் திருத்துபவர்

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். இதில் மென்பொருளைவிட ஸ்கானர்தான் பெரும்பங்கு வகிக்கிறது. 35க்கு 45 மில்லிமீற்றர் படத்தை அங்குலத்துக்கு 300 புள்ளியில் ஸ்கான் செய்தால் கிடைப்பது ஏறத்தாழ 413க்கு 531 பிக்சல். அதையே 1200 புள்ளியில் செய்தால் 1654க்கு 2126. 8க்கு 12 அங்குல அச்சுக்கு 2400க்கு 3600 தேவை என்பதால், மென்பொருள் பெருக்க வேண்டியது ஏழு மடங்கிலிருந்து இரண்டு மடங்குக்கும் கீழே இறங்கிவிடுகிறது. பழைய அச்சுத்தாளில் அவ்வளவு நுணுக்கம் இல்லை என்பது உண்மைதான். ஆயினும் தாளின் மணிமணியான இயல்பு ஒழுங்காகப் பதிவதால், பெரிதாக்கிய முகம் மெழுகு பூசியதுபோல் ஆகாமல் இருக்கும். கல்வெட்டு அட்டையில் முகப்படம் மூன்று நான்கு அங்குல அகலத்தில் வைக்கப்படுமானால், 1200 புள்ளி ஸ்கானை எதுவும் பெருக்காமலே பயன்படுத்தலாம்.

மேற்பரப்பில் சொரசொரப்பு உள்ள தாளென்றால், ஒருமுறை ஸ்கான் செய்தபின் படத்தைத் தலைகீழாகத் திருப்பி மீண்டும் ஸ்கான் செய்து, இரண்டையும் சரியாகப் பொருத்திச் சராசரியாக்கினால் அந்தப் புள்ளிகளின் பளபளப்பு வெகுவாகக் குறையும். கோப்பை டிஃப் வடிவில் சேமியுங்கள். ஜேபெக் படத்தை 8க்கு 8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்துச் சுருக்குவதால், பெரிதாக்கும்போது அக்கட்டங்களின் விளிம்பும் சேர்ந்து பெரிதாகும்.

அதன்பின் எஞ்சியிருக்கும் பெருக்கத்துக்கு மிச்செல் அல்லது பைகியூபிக் ஸ்மூதர் போதும். லான்சோஸ் இங்கே மூக்குக்கண்ணாடியின் சட்டத்தைச் சுற்றிக் கோடு போடும். கிம்ப் 2.10இல் வந்த நோஹாலோ, லோஹாலோ இரண்டும் அந்த விளிம்புக்கோட்டை அடக்குவதற்கென்றே நிக்கலஸ் ரொபிடோவினால் வடிவமைக்கப்பட்டவை. முகத்துக்கு அவை ஏற்றவை.

செயற்கை நுண்ணறிவைப் பற்றி: அடோபியின் படத்திருத்த மென்பொருளான கமெரா ரோவில் 2021 மார்ச்சில் வந்த சூப்பர் ரெசொலூஷன் நீளத்தையும் அகலத்தையும் இரட்டிப்பாக்குகிறது. படத்தைப் பெரிதாக்குவதற்கென அதே ஆண்டில் வெளிவந்த ரியல் ஈஎஸ்ஆர்கான் என்ற செயற்கை நுண்ணறிவு மாதிரியை இலவசமாகப் பயன்படுத்த அப்ஸ்கேல் என்ற மென்பொருள் இருக்கிறது. சட்டை, திரைச்சீலை, மரம் ஆகியவற்றை இவை வியக்கத்தக்க விதத்தில் தெளிவாக்குகின்றன. முகத்தில்தான் எனக்கு உடன்பாடில்லை. பைகியூபிக் தெரியாத இடத்தை மங்கலாக விடுகிறது. இவை அந்த இடத்தை வேறு ஆயிரமாயிரம் முகங்களிலிருந்து கற்றுக்கொண்டதைக் கொண்டு நிரப்புகின்றன. கன்னத்து மச்சத்தைத் தூசியென்று துடைத்துவிட்டதையும், திருநீற்றுக் குறியை நெற்றிச் சுருக்கமாக்கியதையும், சற்று உடைந்திருந்த முன்பல்லை முழுப்பல்லாக வரைந்ததையும் நான் கண்டிருக்கிறேன். கடைக்காரருக்கு அது தெளிவான படமாகத் தெரியும். தாய்க்கு அது வேறு யாரோ ஒரு பிள்ளை. இருக்கும் ஒரே படம் இதுதான் என்று கொண்டுவருபவருக்கு முகத்தைத் திருத்தும் வசதியை நிறுத்திவிட்டு, உடையையும் பின்னணியையும் மட்டும் அந்த மென்பொருளில் எடுத்து, பைகியூபிக்கில் பெருக்கிய முகத்தை மேலே பொருத்திக் கொடுக்கிறேன். மங்கலாக இருக்கிறது என்று சிலர் குறைசொல்வதுண்டு. அப்படிக் கேட்பவர்களுக்கு இரண்டையும் அச்சிட்டுக் காட்டி, தெரிவை அவர்களிடமே விடுங்கள்.

கேட்டவர்

மூவருக்கும் மிக்க நன்றி. விரைவு வழியில்தான் இருந்தது. மாற்றியதும் வேலியில் அலை இல்லை, சரிகையில் ஒரு சிறு பகுதியில் மட்டும் இருக்கிறது. மூலப்படத்தின் அதே இடத்திலும் அது உண்டு. இன்னொரு சந்தேகம்: 2048இல் கவனமாகச் சுருக்கிய படத்தை வட்ஸ்அப்பில் அனுப்பினால், போய்ச்சேர்ந்த படம் மீண்டும் சிறிதாகவும் கூர்மை குறைந்தும் இருக்கிறதே?

மறுமொழி 1: வவுனியா

வட்ஸ்அப் தானாகவே இன்னொருமுறை சுருக்கி, ஜேபெக் தரத்தையும் குறைத்துத்தான் அனுப்புகிறது. 2023இல் சேர்க்கப்பட்ட உயர்தரத் தெரிவு ஓரளவு உதவும். கோப்பு மாறாமல் போக வேண்டுமானால் படமாக அனுப்பாமல் ஆவணமாக இணைத்து அனுப்புங்கள். அப்படி அனுப்புவதாயிருந்தால் நீங்கள் சுருக்கிய கோப்பு அப்படியே போய்ச்சேரும். சரிகையில் எஞ்சியிருக்கும் அலைக்கு, கமெரா ரோவிலோ லைட்ரூமிலோ மொய்ரே எனப்படும் இந்த அலைக்கோட்டைக் குறைக்கும் தூரிகையை அந்த இடத்தில் மாத்திரம் ஓட்டி, பிறகு சுருக்குங்கள்.