பணகுடிக் காற்றும் வாய் திறக்காதவனும்

விமான நிறுவனங்கள் துணை விமானிகளை எடுக்க நடத்தும் எழுத்துத் தேர்வில் என்ன வரும் என்று பலரும் விரிவாக எழுதிவிட்டார்கள். வழிகாட்டல், வானிலை, விதிமுறை, தொழில்நுட்பம்: விமானி உரிமம் தரும் அரசு அமைப்பான டிஜிசிஏவின் தேர்வுகளுக்கு ஒழுங்காகப் படித்தவருக்கு அதில் புதிதாக ஒன்றுமில்லை. கணினித் தேர்வில் ஜாய்ஸ்டிக்கால் ஒரு புள்ளியை நடுவில் நிறுத்திக்கொண்டே மனக்கணக்குப் போடச் சொல்வார்கள். சில நாள் பழகினால் கைக்கு வந்துவிடும். நான் விழுந்த இடம் வேறு.

எனக்குச் சொந்த ஊர் பணகுடி. 200 மணி நேரம் பறந்து உரிமம் வாங்கி வந்தபோது எங்கள் வாழைத்தோட்டத்தில் பாதி கைமாறியிருந்தது. பிறகு இரண்டரை ஆண்டுகள் எங்கிருந்தும் அழைப்பு இல்லை. பாளையங்கோட்டையில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் டியூஷன் எடுத்தேன். வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் முதல் வகுப்பு மருத்துவச் சான்றை ஆண்டுதோறும் புதுப்பித்தாக வேண்டும். டியூஷன் பணம் அதற்கே சரியாக இருந்தது. ஊர் டீக்கடையில், "பைலட் தம்பி, இன்றைக்கும் விமானம் லேட்டா?" என்பார்கள். சிரித்துவிட்டு டீயைக் குடிப்பேன். வேறென்ன செய்ய?

முதல் அழைப்பில், விமானி அறை போலவே இருக்கும் சிமுலேட்டர் இயந்திரத்தில் ஓட்டிக் காட்டுவது வரை போனேன். தானியங்கியை அணைத்துவிட்டு வெறும் கருவிகளைப் பார்த்து உயரம், திசை, வேகம் மூன்றையும் பிடித்து ஓட்ட வேண்டும். நன்றாகவே ஓட்டினேன். மேலேறும்போது ஓர் எஞ்சினை நிறுத்தினார்கள். விமானத்தின் மூக்கைத் திருப்பும் ரடர் பெடலை மிதித்து நேராக்கி, ஒரு வார்த்தை பேசாமல் எல்லாவற்றையும் நானே செய்து முடித்தேன். பெருமையாகக்கூட இருந்தது. அடுத்து, பக்கத்தில் இருந்த இன்னொரு விண்ணப்பதாரர் ஓட்ட, நான் கண்காணிக்க வேண்டும். என்னைவிட ஆறேழு வயது மூத்தவர். தரையிறங்க வரும்போது அவருடைய வேகம் குறைந்துகொண்டே போனது. பார்த்தேன். அவருக்குத் தெரியாமலா இருக்கும் என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

முடிந்ததும் தேர்வாளர் கேட்டார்: "வேகம் குறைந்ததைக் கவனித்தீர்களா?"

"கவனித்தேன், சார்."

"பிறகு?"

பதில் இல்லை. ஒரு வாரத்தில் மின்னஞ்சல் வந்தது.

பெரியவர்கள் இருக்கும் இடத்தில் நான் குறுக்கே பேசினால் அம்மா கண்ணாலேயே அடக்கிவிடுவாள். திண்ணைக்கு அது நல்ல பழக்கம். விமானத்தில் வலது இருக்கையில் இருக்கும் துணை விமானிக்கு, இடது இருக்கையில் இருக்கும் கேப்டனின் பிசகைச் சொல்வதற்கும் சேர்த்துத்தான் சம்பளம். 2010 மே மாதம் மங்களூரில் துணை விமானி மூன்று முறை 'மேலே திரும்பிவிடலாம்' என்று சொல்லியும் கேப்டன் இறக்கினார். 158 பேர் இறந்தார்கள். அந்த விபத்தைத் தேர்வுக்காக ஏற்கெனவே படித்திருந்தேன். வேலை கைநழுவிய பிறகு படித்தபோதுதான், மூன்று முறை சொன்னதும் போதவில்லையே என்பது உறைத்தது.

எனவே வீட்டிலேயே பயிற்சி. அப்பா காரை ஓட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்து, "அப்பா, வேகம் தொண்ணூறு", "அப்பா, இடது பக்கம் லாரி" என்று சொல்லிக்கொண்டே வருவேன். வள்ளியூர் வரை பொறுத்தார். நாங்குநேரியில் வண்டியை ஓரங்கட்டி, "எய்யா, நீயே ஓட்டு. நான் பஸ்ஸில் வருகிறேன்" என்றார்.

இரண்டாவது நிறுவனத்தின் நேர்காணலில் மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் இருந்த மூத்த கேப்டன் என் முகவரியைப் பார்த்தார். "பணகுடியா? காற்றாலைப் பக்கமாயிற்றே. அங்கே ஏன் அவ்வளவு காற்று?"

இதற்குப் புத்தகம் எதற்கு? தென்மேற்குப் பருவக்காற்று மலையில் முட்டி, மழையையெல்லாம் அந்தப் பக்கமே கொட்டிவிடுகிறது. ஆரல்வாய்மொழிக் கணவாயில் இடுங்கும்போது வேகமெடுக்கிறது. எங்களுக்கு வந்து சேரும்போது ஈரம் போய் வேகம் மட்டும் மிச்சம் என்றேன். ஆனி, ஆடியில் முட்டுக் கொடுக்காத வாழை தாரோடு சாய்ந்துவிடும் என்றும் சேர்த்துக்கொண்டேன்.

"எந்தப் பக்கம் முட்டுக் கொடுப்பீர்கள்?"

"சாயப்போகிற பக்கம், சார்."

மலைக்கு இந்தப் பக்கம் தாழப் பறந்தால் என்ன ஆகும் என்றார். கீழே அழுத்தும் காற்றையும் சுழல்களையும் சொன்னேன். அவர் முகத்தில் எதுவும் தெரியவில்லை. சட்டென்று கேட்டார்: "1,000 அடிக்குக் கீழே வந்தாயிற்று, விமானம் நிலைப்படவில்லை. கேப்டன் இறங்கியே தீருவேன் என்கிறார். அவருக்கு உங்கள் அப்பா வயது."

"கோ அரவுண்ட், மேலே திரும்பிவிடலாம் என்பேன். கேட்காவிட்டால் மறுபடியும் சொல்வேன். அதற்கும் அசையாவிட்டால் கட்டுப்பாட்டை நான் எடுப்பேன்."

"நிஜமாகவே எடுப்பீர்களா?"

"அப்பாவையே நாங்குநேரியில் பஸ் ஏற வைத்தவன், சார்."

கதையைக் கேட்டுவிட்டு அந்த மனிதர் அப்போதுதான் சிரித்தார்.

வேலை கிடைத்தது. மறுபடியும் மருத்துவப் பரிசோதனை, ஏடிஆர் என்ற சிறிய பயணிகள் விமானத்துக்கான பயிற்சி என்று மாதங்கள் ஓடின. ஓர் ஆனி மாதத்தில், தூத்துக்குடி விமான நிலையம் இருக்கும் வாகைக்குளத்துக்கு விமானத்தோடு வந்தேன். அப்போது அங்கே ஓடுபாதை 1,350 மீட்டர்தான். இடமும் கொஞ்சம், தவறவும் இடமில்லை. மேற்கு நோக்கி இறங்குகிறோம், எதிரே எங்கள் ஊர்க் காற்று விட்டு விட்டு அடிக்கிறது. கேப்டன் என் அப்பாவைவிடவும் மூத்தவர். வேகம் இறங்கியது.

"ஸ்பீட்" என்றேன்.

"கரெக்டிங்" என்றார்.