ஐஸ்கசி சேமிப்பகத்தில் மெய்நிகர் கணினிகள்: ஒரே லன்னா, தனித்தனி லன்களா?

கேள்வி

வணக்கம். எங்கள் அலுவலகத்தில் மெய்நிகர் கணினிகளை ஓட்டும் மூன்று இஎஸ்எக்ஸ்ஐ சர்வர்கள், நெட்வொர்க் வழியே வட்டு இடம் தரும் ஒரே ஐஸ்கசி சேமிப்பகத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. அதில், மாற்று வட்டு நீங்கலாக, 10,000 ஆர்பிஎம் வேகமுள்ள 600 ஜிபி எஸ்ஏஎஸ் வட்டுகள் 12 உள்ளன. எஸ்க்யூஎல் சர்வர் தரவுத்தளம் உட்பட 14 மெய்நிகர் கணினிகளுக்கு 2.8 டிபி இடம் வேண்டும். எல்லா வட்டுகளையும் ரெய்டு 5 ஆக்கி (ஒரு வட்டு பழுதானாலும் தரவு போகாதபடி ஒன்றாகச் சேர்த்து), ஒவ்வொரு மெய்நிகர் கணினிக்கும் தனி லன் (சேமிப்பகத்திலிருந்து பிரித்துத் தரும் ஒரு பகுதி) ஒதுக்கினால் வேகம் கூடும் என்கிறார் உடன் பணிபுரிபவர். அது சரியா? தரவுத்தளத்துக்கு ஆர்டிஎம் (லன்னை நேரடியாக மெய்நிகர் கணினிக்குக் கொடுப்பது) தேவையா, தின் வட்டு (எழுத எழுத மட்டும் இடம் எடுத்துக்கொள்வது) வைக்கலாமா என்பதையும் அறிய விரும்புகிறேன்.

மறுமொழி 1

ஒரே கிணற்றில் நான்கு ராட்டினம் போட்டாலும் ஊற்று ஒன்றுதான். அதே 12 வட்டுகளின் மேல் எத்தனை லன் பிரித்தாலும் வேகம் அந்த 12 வட்டுகளுடையதே. எனவே முதலில் ரெய்டைப் பற்றி யோசியுங்கள். இவ்வகை வட்டு ஒன்றுக்கு ஏறத்தாழ 140 ஐஓபிஎஸ் (நொடிக்கு இத்தனை படித்தல், எழுதுதல் செயல்கள்) என்று கொண்டால் மொத்தம் 1,680. ஆனால் ஒவ்வொரு எழுதுதலுக்கும், தரவை இரு பிரதிகளாக வைக்கும் ரெய்டு 10 இரண்டு வட்டுச் செயல்களையும், ரெய்டு 5 நான்கையும், ரெய்டு 6 ஆறையும் செலவிடுவதால், 35 விழுக்காடு எழுதுதல் உள்ள சுமையில் ரெய்டு 10 சுமார் 1,240 தரும். ரெய்டு 5 சுமார் 820 மட்டுமே தரும். சேமிப்பகத்தின் கேச் (வேகமான தற்காலிக நினைவகம்) உச்ச நேரத்தைச் சற்றுத் தணிக்கும், ஆனால் இரவு முழுதும் ஓடும் பேக்கப்பைத் தாங்காது. உங்கள் உண்மையான சுமையை ஒரு வாரம் அளந்துவிட்டு முடிவெடுங்கள்.

மறுமொழி 2

மேலே சொன்னதை வழிமொழிகிறேன். விண்டோஸ் ஃபெயிலோவர் கிளஸ்டரின் (ஒரு சர்வர் விழுந்தால் இன்னொன்று ஏற்கும் அமைப்பு) பகிர்வு வட்டு, சேமிப்பகத்தின் சொந்த ஸ்னாப்ஷாட் (அந்தக் கணத்து நிலையைப் பதிந்துவைப்பது) மென்பொருள் போன்ற தேவை இல்லையென்றால் ஆர்டிஎம் வேண்டாம்; வேகத்தில் விஎம்டிகேயுடன் (மெய்நிகர் வட்டாகப் பயன்படும் சாதாரணக் கோப்பு) பெரிய வேறுபாடு இல்லை. தரவுக்கும் லாகுக்கும் (தரவுத்தளத்தின் மாற்றப் பதிவு) தனித்தனி விஎம்டிகே, தனித்தனி பிவிஸ்கசி கன்ட்ரோலர் (மெய்நிகர் வட்டை இணைக்கும் மெய்நிகர் கட்டுப்படுத்தி) வைப்பது அதைவிடப் பயன் தரும்.

தின் வட்டு விஷயத்தில் மட்டும் எச்சரிக்கையாக இருங்கள். நான் பராமரித்த ஓரிடத்தில், கண்காணிப்பு எச்சரிக்கை எதுவும் அமைக்காமல் எல்லாவற்றையும் தின்னாக வைத்திருந்தோம். மறந்துபோன ஒரு ஸ்னாப்ஷாட் வளர்ந்து, மெய்நிகர் வட்டுக் கோப்புகள் இருக்கும் இடமான டேட்டாஸ்டோர் நிரம்பிய இரவில், எழுத இடமில்லாத மெய்நிகர் கணினிகள் ஒவ்வொன்றாக அப்படியே நின்று, மீண்டும் முயலவா, நிறுத்திவிடவா என்று திரையில் கேட்டபடி காத்திருந்தன. அன்றிலிருந்து தரவுத்தள வட்டுகளை முழு இடத்தையும் முன்கூட்டியே ஒதுக்கிச் சுழியிட்ட திக் வட்டாகவே அமைக்கிறேன்.

கேட்டவர்

மிக்க நன்றி. ஒரு வாரம் அளந்து பார்த்தேன்: உச்சத்தில் 950 ஐஓபிஎஸ், எழுதுதல் 35 விழுக்காடு. ரெய்டு 10 வைத்தால் 3.6 டிபி கிடைக்கிறது. தரவுத்தளத்துக்கு ஒரு டேட்டாஸ்டோரும் மற்றவற்றுக்கு இன்னொன்றும் அமைக்கவிருக்கிறேன்.

மறுமொழி 1

அதுவே சரி, ஆயினும் மீதமுள்ள 0.8 டிபியை ஸ்னாப்ஷாட்டுக்கென விட்டுவையுங்கள். ஐஸ்கசிக்கு இரண்டு நெட்வொர்க் கார்டுகளைத் தனித்தனிச் சுவிட்சுகளில் இணைத்து, பயன்பாட்டுக்கு விடுமுன் ஒவ்வொரு கேபிளாகப் பிடுங்கி, மெய்நிகர் கணினி தொடர்ந்து ஓடுகிறதா என்று பார்த்துவிடுங்கள்.