16:8 உண்ணாநோன்பு: எடை குறைவது நேரத்தாலா, அளவாலா?

கதிர்
எடை குறைக்க விரும்புவோருக்கு, நாளின் உணவு முழுவதையும் எட்டு மணி நேரத்துக்குள் முடித்துக்கொண்டு, எஞ்சிய பதினாறு மணி நேரமும் தண்ணீரோடு இருக்கும் முறையையே நான் முதலில் பரிந்துரைப்பேன். ஒரே சமையலை எல்லோரும் பகிர்ந்துண்ணும் வீட்டில், கரண்டிக்குக் கரண்டி கலோரி கணக்கிடுவது நடவாத காரியம். கடிகாரம் பார்ப்பது எவருக்கும் இயலும். உண்ணாத நேரத்தில் இன்சுலின் தாழ்வதால், உடல் சேமித்த கொழுப்பை எடுத்து எரிக்கிறது.

மாலினி
கதிர் ஐயா, எரிவது உண்மைதான். ஆனால், அடுத்த வேளை உண்டதும் மீண்டும் சேமிப்பு நடக்கிறது. ஆகவே எடையைத் தீர்மானிப்பது பல நாள்களின் மொத்த வரவு செலவுதான். சான் பிரான்சிஸ்கோவிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஈத்தன் வைஸ் குழுவினர் 116 பேரிடம் நடத்தி 2020இல் வெளியிட்ட ஆய்வில், நண்பகல் முதல் இரவு எட்டு மணி வரை மட்டும் உண்டவர்கள் 12 வாரங்களில் சராசரியாக 0.94 கிலோ குறைந்தார்கள். மூன்று வேளையும் உண்டவர்கள் 0.68 கிலோ குறைந்தார்கள். இந்த வேறுபாடு புள்ளியியல்படி பொருட்படுத்தத்தக்கதன்று. எனக்கு அதைவிடக் கவலை தருவது வேறொன்று: நேரில் அளந்து பார்க்கப்பட்டவர்களுள், நேரக் கட்டுப்பாட்டில் இருந்தோர் இழந்த எடையில் பெரும்பகுதி கொழுப்பன்று, தசை உள்ளிட்ட கொழுப்பற்ற திசு. சோறும் இட்லியுமாகப் புரதம் குறைவாக உண்ணும் நாம், ஒரு வேளையையும் விட்டுவிட்டால் தசையை எதைக் கொண்டு காப்போம்?

கதிர்
அந்த ஆய்வில் எவ்வளவு உண்ணலாம் என்ற வரம்பே விதிக்கப்படவில்லை. சீனாவின் குவாங்சோ நகரில் உடற்பருமன் உள்ள 139 பேரிடம் ஓராண்டு நடந்து 2022இல் வெளியான ஆய்வைப் பாருங்கள். கலோரியைக் குறைத்து, காலை எட்டு முதல் மாலை நான்கு வரை மட்டும் உண்டவர்கள் சராசரியாக 8.0 கிலோ குறைந்தார்கள்.

மாலினி
அதே ஆய்வில், நேரக் கட்டுப்பாடு இல்லாமல் அதே அளவு கலோரியைக் குறைத்தவர்கள் 6.3 கிலோ குறைந்தார்கள் என்பதையும், அங்கும் வேறுபாடு பொருட்படுத்தத்தக்கதாக இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பாதியை மட்டும் படித்துவிட்டு ஒருவர் நாளையே தொடங்கிவிடக்கூடும்.

வார்டு செவிலி
குறுக்கிடுவதற்குப் பொறுத்தருள்க. இன்சுலின் ஊசியோ, கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுத்துக்கொள்ளும் சர்க்கரை நோயாளிகள் மருந்தின் அளவை மாற்றாமல் பட்டினி இருந்தால், சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழக்கூடும். மருத்துவரிடம் கேட்காமல் அவர்கள் இதைத் தொடங்கவே கூடாது. கருவுற்ற பெண்களுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் இம்முறை வேண்டாம்.

கதிர்
செவிலி அம்மா சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். மற்றவர்களைப் பொறுத்தவரை, இரு முறைகளிலும் எடை ஏறக்குறைய ஒரே அளவு குறைகிறது என்றால், அது எளிய முறையைத் தேர்வதற்கான காரணமே அல்லவா?

மாலினி
எளிது என்பதையும் சோதித்திருக்கிறார்கள், ஐயா. சிகாகோவில் 100 பேரிடம் நடந்து 2017இல் வெளியான ஆய்வில், ஒரு நாள் விட்டு ஒரு நாள் உணவை வெகுவாகக் குறைத்தவர்களில் 38 விழுக்காட்டினர் இடையில் விலகினார்கள். நாள்தோறும் அளவாகக் குறைத்தவர்களில் விலகியோர் 29 விழுக்காட்டினர். அது 16:8 அன்று, அதைவிடக் கடினமானது. ஆனாலும் பட்டினி எல்லோருக்கும் எளிது என்று பொதுவாகச் சொல்வதை அது தடுக்கிறது. இரவு ஒன்பதரைக்குப் பணி முடித்து வீடு திரும்பி, பிள்ளைகளோடு அமர்ந்து உண்பவருக்கு உங்கள் எட்டு மணி நேரம் எப்போது தொடங்கும், எப்போது முடியும் என்பதைச் சொல்லுங்கள்.