நிம்பஸ்-1 படங்களோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை

காலையில் சும்மா ஒரு பார்வை பார்க்கலாம் என்றுதான் உட்கார்ந்தேன், மத்தியானச் சாப்பாடே மறந்துபோனது. நிம்பஸ்-1, 1964 ஆகஸ்ட் 28-ல் அமெரிக்காவின் நாசா ஏவிய வானிலைச் செயற்கைக்கோள். சூரியத் தகடுகளைத் திருப்பும் பொறி மக்கர் செய்ததால் ஒரு மாதம்கூட ஓடவில்லை. அது அனுப்பிய படங்களை டிவி திரையில் வரவழைத்து, அந்தத் திரையையே ஃபிலிமில் பிடித்து வைத்தார்கள். அந்தச் சுருள்கள் நார்த் கரோலினாவின் ஆஷ்வில் கிடங்கில் பல பத்தாண்டுகள் டப்பாவுக்குள்ளேயே கிடந்தன. கொலராடோவின் போல்டரில் இருக்கும் பனித் தரவு மையத்திலிருந்து (NSIDC) டேவிட் கேலஹர், காரெட் கேம்ப்பெல் குழுவினர் அவற்றை வாங்கி ஸ்கேன் செய்து எல்லாரும் பார்க்கத் திறந்துவிட்டார்கள். அந்தப் புண்ணியத்தில்தான் என் கணினிக்கும் வந்தது.

முதலில் ஒன்றுமே புரியவில்லை. எல்லாம் சாம்பல் நிறம், நடுநடுவே அளவு பார்ப்பதற்கான சின்னச் சின்னக் குறிகள். சுற்றுப்பாதை நீள்வட்டமாகிவிட்டதால் ஒரு படத்தில் தரை கிட்டத்தில் தெரியும், இன்னொன்றில் தள்ளிப்போய்விடும். அண்டார்டிக்கா பக்கம் வந்தால் இன்னும் பாடு, மேகமும் வெள்ளை, பனிக்கட்டியும் வெள்ளை, எது எது என்று எப்படிச் சொல்வது? அடுத்தடுத்த நாள் படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தபோதுதான் பிடிபட்டது. மேகம் நகர்ந்துவிடுகிறது, பனியின் விளிம்பு ஏறக்குறைய அங்கேயே நிற்கிறது. அந்தக் கோட்டைக் கண்டதும் எனக்குக் கை நடுங்கியது. கடல்பனியின், அதாவது கடல்நீர் உறைந்து மிதக்கும் பனியின், தொடர்ச்சியான செயற்கைக்கோள் பதிவு 1978 கடைசியில்தான் தொடங்குகிறது, இது அதற்கும் 14 வருடம் முந்தியது. இப்படி விளிம்பு விளிம்பாகக் குறித்துத்தான் 1964 செப்டம்பரில் அண்டார்டிக்காவைச் சுற்றி சுமார் 1 கோடியே 97 லட்சம் சதுர கிலோமீட்டர் கடல்பனி இருந்தது என்று கணக்கிட்டார்கள்.

சரி, இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், நான் முன்பு வேலை பார்த்த அலுவலகத்தில் ஃபேக்ஸ் தாளில் வந்த செயற்கைக்கோள் படங்கள் கட்டுக்கட்டாக இருந்தன. கட்டடம் மாற்றும்போது எடைக்குப் போட்டுவிட்டார்கள். இன்றும் மனசு ஆறவில்லை. நான்கு கட்டுகளை மட்டும் கேட்டு வாங்கி வந்தேன். ஓரமெல்லாம் பழுப்பேறிவிட்டது, ஆனால் பென்சிலில் எழுதிய தேதியும் நேரமும் தெளிவாக இருக்கிறது. இப்போது அவற்றைத்தான் ஸ்கேன் செய்கிறேன், கறுப்பு வெள்ளையில் எடுத்தால் பென்சில் எழுத்து மங்கிவிடுகிறது என்பதால் கலரில் எடுக்கிறேன். இந்த மாதிரித் தாளைக் கையாண்டவர்கள் இருந்தால், சுருண்ட ஓரத்தை உடையாமல் எப்படி நிமிர்த்தினீர்கள் என்று சொல்லுங்கள்.