மகன் கொட்டேஜ் சீஸ் கேட்கிறான், வீட்டில் இரண்டு மாடு நிற்கிறது

பட்டியடி அம்மா, கிளிநொச்சி

வணக்கம். மகனுக்குப் பதினாறு வயது, பள்ளிக்கூடத்தில் கரப்பந்து விளையாடுகிறான். இரண்டு மணிக்கு வீட்டுக்கு வந்து, மூன்றரைக்குத் திரும்பவும் பயிற்சிக்கு ஓடுவான். இடையில் பிளேன்டீயும் ஒரு பிடி பிஸ்கற்றும். பயிற்சி முடிந்து வந்தால் அரை றாத்தல் பாண் அப்படியே போய்விடும். இப்போது போனில் எதையோ பார்த்துவிட்டுப் புரதம் புரதம் என்கிறான். "அம்மா, கொட்டேஜ் சீஸ் வாங்கித் தாங்கோ, உடனே சாப்பிடலாம், உடம்புக்கு நல்லது" என்று ஒரு கிழமையாக ஒரே பல்லவி.

சரியென்று டவுணுக்குப் போனேன். கடைப் பிள்ளை வட்டப் பெட்டிக்குள் முக்கோணம் முக்கோணமாக ஈயத்தாளில் சுற்றிய சீஸைக் காட்டினாள். அது இல்லை என்று அவனே சொல்லிவிட்டான். வேறொரு கடையில் பனீர் பக்கற் இருந்தது. விலையைப் பார்த்துவிட்டு எடுத்த இடத்திலேயே வைத்தேன்.

பகிடி என்னவென்றால், எங்கள் வளவில் இரண்டு மாடு கறக்கிறது. காலையில் ஆறு லீற்றர் பாலை லொறிக்கு ஊற்றிவிட்டுத்தான் நான் சீஸ் தேடி பஸ் ஏறினேன்.

கொட்டேஜ் சீஸும் பனீரும் ஒன்றா? வீட்டில் செய்யலாமா? போட்டி நாட்களில் விடிய ஆறு மணிக்கே பஸ் ஏறுவான், பையில் கொடுத்துவிட்டால் மத்தியானம் வரை தாங்குமா?

குளக்கட்டு, முத்தையன்கட்டு

தங்கச்சி, லொறிக்கு ஊற்றும் பாலில் ஒரு லீற்றரை நிறுத்துங்கள், வேலை முடிந்தது.

பாலைப் பொங்கக் காய்ச்ச வேண்டும். இதில் மட்டும் கள்ளம் வேண்டாம். பச்சைப்பாலில் புரூசெல்லா மாதிரிக் கிருமிகள் இருக்கலாம், அவை மாட்டிலிருந்து மனிசனுக்கு வரும். பொங்கியதும் இறக்கி இரண்டு மூன்று நிமிசம் விடுங்கள். இரண்டு மேசைக்கரண்டி தேசிப்புளியை அதேயளவு தண்ணீரில் கலந்து, கொஞ்சம் கொஞ்சமாக விட்டு அகப்பையால் மெதுவாகத் துழாவுங்கள். அடிக்கக் கூடாது.

முதலில் ஒன்றும் நடக்காது. பிறகு அகப்பையின் ஓரத்தில் குறுமணல் மாதிரி ஒட்டும். அப்புறம் ஒரேயடியாகப் பஞ்சு பஞ்சாகத் திரண்டு, கீழே இளம்பச்சை கலந்த மஞ்சள் தண்ணீர் தெளியும். தெளிந்ததும் புளியை நிறுத்துங்கள். தண்ணீர் இன்னும் பால் நிறமாகவே நின்றால் மட்டும் இன்னும் கொஞ்சம் விடலாம். எல்லாரும் பிழைவிடுகிற இடம் இதுதான்: தெளிந்த பிறகும் புளியைப் பிழிந்துகொண்டே இருப்பார்கள், இல்லாவிட்டால் மறுபடி அடுப்பில் ஏற்றுவார்கள். ஒன்று புளிக்கும், மற்றது இறுகும்.

மெல்லிய வெள்ளைத் துணியில் வடித்து, மேலே ஒரு செம்பு குளிர்ந்த தண்ணீர் ஊற்றினால் புளிப்புக் கழுவுப்படும். பொட்டலமாகக் கட்டி யன்னல் கம்பியில் பத்து நிமிசம் தூக்குங்கள். அம்மிக் குழவியை மேலே ஏற்றினால் பனீர். ஏற்றாமல் முள்ளுக்கரண்டியால் உதிர்த்து, இரண்டு கரண்டி தயிரும் உப்பும் கலந்தால் மகன் கேட்பதற்குக் கிட்ட வரும். எங்கள் வீட்டில் எருமைப்பாலில் செய்வது. அதில் கொழுப்புக் கூட, திரளையும் கூட.

கணக்கும் சொல்லிவிடுகிறேன், பெடியன் கேட்பான். ஒரு லீற்றர் மாட்டுப்பாலில் ஏறக்குறைய 32, 33 கிராம் புரதம். அதில் ஐந்தில் நாலு பங்கு கேசின் என்கிற திரளும் புரதம், அது துணிக்குள் நின்றுவிடும். நாலு முட்டைக்குக் கிட்ட என்று வையுங்கள்.

மாங்குளத்தான், இப்போது ரொரன்ரோ

அக்கா, இரண்டும் ஒன்றில்லை. இந்தியக் கடைகளில் பனீரைக் கொட்டேஜ் சீஸ் என்று எழுதுவதால் வந்த குழப்பம் இது. இங்கே டப்பாவில் வருவது பாலைப் புளிக்க வைத்து, அல்லது உறைய வைக்கும் ரெனற் சேர்த்துத் தயிர்க்கட்டி மாதிரியாக்கி, அதை வெட்டி, மிதமாகச் சூடாக்கி, கழுவி, கிரீம் கலந்தது. ஈரம் கூட, அதனால் 100 கிராமுக்கு 11 கிராம் புரதம்தான். பனீரில் தண்ணீர் குறைவு, 18 கிராம் வரை வரும். உங்கள் பெடியன் தேடுவது புரதமென்றால் உங்கள் பொட்டலம் தோற்காது. கடைச் சீஸில் உப்பும் கொஞ்சம் தூக்கல்.

என் பிள்ளைகள் இதை முட்டையோடு அடித்துத் தட்டில் ஊற்றி, ஓவன் அடுப்பில் சுட்டு, ரொட்டி என்று சாப்பிடுகிறார்கள். அம்மா ஒருநாள் சாப்பிட்டுப் பார்த்துவிட்டு, "ரொட்டியையும் கெடுத்து முட்டையையும் கெடுத்திருக்கிறீங்கள்" என்றா.

வவுனியா மருமகள்

அக்கா, பையில் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். எங்கள் வெயிலில் ஈரமான சீஸ் மத்தியானத்துக்குள் கெட்டுவிடும். அதைப் பார்த்துக் கண்டுபிடிக்கவும் முடியாது. செய்தால் உடனே சாப்பிட வேண்டும், குளிர்சாதனப் பெட்டியில் என்றால் இரண்டு நாள். போட்டி நாளுக்கு வறுத்த கச்சான் கொடுங்கள். முறிகண்டியில் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு ஒரு சரை வாங்குவோமே, அதுதான். 100 கிராம் கச்சானில் 25 கிராம் புரதம். ஒரு சிறங்கை என்றாலே ஏழு கிராமுக்குக் கிட்ட வரும், வெயிலுக்கும் பயமில்லை.

இன்னொன்று. எங்கள் பக்கம் சிறுநீரக வருத்தக்காரர் கன பேர். வீட்டில் யாருக்காவது அது இருந்தால், மகனுக்குச் செய்ததை அவர்களுக்கும் நல்லதென்று ஊட்டாதீர்கள். அவர்களுக்குப் புரதம் எவ்வளவு என்று கிளினிக்கில் கேட்டுத்தான் கொடுக்க வேண்டும்.

பட்டியடி அம்மா, கிளிநொச்சி

எல்லாருக்கும் நன்றி. முதல்நாள் வைத்தது எனக்கு வாய்க்கவில்லை. புளி விட்ட நேரம் பக்கத்து வீட்டு அக்கா வேலியடியில் கூப்பிட்டா, கதையில் அடுப்பை மறந்துவிட்டேன். திரும்பி வந்தால் இரப்பர் மாதிரி. கடித்தால் பல்லில் கிறீச்சென்றது. மகன் ஒரு துண்டை நிலத்தில் போட்டுப் பார்த்து, "அம்மா, இது துள்ளுது" என்றான்.

இரண்டாம் நாள் இறக்கி வைத்துவிட்டுத்தான் புளி விட்டேன், குளக்கட்டு அண்ணை சொன்ன அந்தக் குறுமணல் வருவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். விடிய மாடு கறந்த கையோடு செய்து பெட்டியில் வைத்துவிட்டால், அவன் வரும்போது ஐந்து நிமிச வேலைதான். சின்ன வெங்காயம் நாலு, ஒரு பச்சை மிளகாய், அரைக் கெக்கரிக்காய் எல்லாம் குறுணியாக அரிந்து, மிளகுத்தூள் போட்டு, இடித்த கச்சானை மேலே தூவினேன். தாளிக்கவில்லை, தாளித்தால் அது பொரியல் என்பான். குசினி வாசலில் நின்றபடியே கோப்பையை வழித்துவிட்டு, "இதுதான் கொட்டேஜ் சீஸா?" என்று கேட்டான். ஓம் என்றேன். ரொரன்ரோத் தம்பி மன்னிக்க வேண்டும்.

வடித்த தண்ணீரை ஊற்ற மனமில்லை. அதில் குரக்கன் மா குழைத்து இரவு ரொட்டி சுட்டேன், நல்ல மெதுமை.

ஐந்தாவது நாள் லொறித் தம்பி கொப்பியைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கேட்கிறான்: "ஏன் அக்கா, மாடு வத்துதோ?"