விற்பவரே விலையேற்றும் ஏலம்: சொல் வேண்டும்

த.அ. எழுதியது:
வணக்கம். பழைய ரூபாய்த்தாள் சேகரிப்போர் கையேட்டின் தமிழாக்கம் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரு சொல் அகப்படவில்லை. இணைய ஏலத்தில் நீங்கள் 6,000 ரூபாயை உச்சவரம்பாகப் பதிகிறீர்கள்; அதுவரை தளமே உங்களுக்காகக் கேட்கும். அடுத்தவர் 2,000-இல் நிற்க, திரையில் விலை 2,200. விற்பவரின் இன்னொரு கணக்கு 200, 200-ஆகக் கூட்டி 5,800-இல் நின்றுவிடும். தாள் 6,000-க்கு உங்கள் தலையில் விழும். சில சமயம் வரம்பைத் தாண்டி அந்தக் கணக்கே ஏலத்தை எடுத்துவிடும். பணம் கட்டாது, அதே தாள் மறுபடி ஏலத்துக்கு வரும். இதற்குக் 'கையாள் கேள்வி' (ஏலத்தில் விலை கேட்பது என்ற பொருளில்) சரியா?

வே. எழுதியது:
பொருந்தாது ஐயா. ஜெர்மனியின் கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் 2016-இல் தீர்த்த வழக்கில், 1 யூரோவில் தொடங்கிய கார் ஏலத்தை விற்றவரே வேறு கணக்கிலிருந்து 17,000 வரை ஏற்றினார். கையாளே இல்லை. அவர் கேட்டது எதுவும் செல்லாது, எதிராளி கேட்ட 1.50 யூரோவே விலை என்றது தீர்ப்பு. நம் 1930 சரக்கு விற்பனைச் சட்டத்தின் 64-ஆம் பிரிவும், விற்பவர் பாசாங்காகக் கேட்டு விலையேற்றினால் வாங்கியவர் விற்பனையைத் தள்ளிவிடலாம் என்கிறது. ஆகவே 'பாசாங்குக் கேள்வி'.

மு. எழுதியது:
கேள்வி என்றதும் வினா என்றுதான் படிப்பார்கள். 'பினாமி ஏலம்' என்றால் சந்தையில் எவருக்கும் விளங்கும்.

செ. எழுதியது:
பினாமி பாரசீகம். கலைச்சொல்லிலுமா கடன்? 'கள்ளக்கேட்பு' என்போம்.

மு. எழுதியது:
ஏலமே போர்த்துக்கீசியரின் 'லெய்லாவ்' ஐயா. மலையாளத்தில் இன்னும் 'லேலம்'. சொல்முதலில் லகரம் வராது என்பதால் நாம் உதிர்த்துவிட்டோம்.

செ. எழுதியது:
லாபம் இலாபமானது, உலோகமும் அப்படியே உயிர் பெற்றது. இங்கே மட்டும் லகரம் முழுதாக உதிர்ந்ததேன்? இதற்கு விடை கிடைக்காமல் அந்த வேரை ஏற்கமாட்டேன்.

நா. எழுதியது:
நண்பர்களே, இன்னொரு சொல்லும் பாக்கி. வாங்கிய தாளை உடனே விற்பதையும் கையேடு சந்தேகப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. அது தவறு. தரச்சான்று இல்லாத தாளை மலிவாக எடுத்து, சான்று வாங்கி ஒருவர் விற்பது நேர்மையான வியாபாரம். தாளில் தொடரைக் காட்டும் முன்னொட்டும் தொடரெண்ணும் உண்டு. பழைய ஏலப் படத்தோடு எண்ணை ஒப்பிட வேண்டும். அதே எண் அதே விற்பனையாளரிடமே திரும்பி வந்தால் முதல் விற்பனை பெரும்பாலும் நடக்கவேயில்லை. ஆனால் அந்தப் பொய் விலை ஏலப் பதிவில் நின்று, அடுத்தவருக்குச் சந்தை விலையாகிவிடும். கேட்டவர் கணக்கையும் பார்க்கவேண்டும்: ஒரே விற்பனையாளரிடமே கேட்டிருக்கிறதா, கடைசி நிமிடங்களில் ஒதுங்குகிறதா, கேட்டதைத் திரும்பப் பெறுகிறதா. நேர்மையாக வாங்கி விற்பதற்கு 'உடன் மறுவிற்பனை', நடக்காத விற்பனைக்குப் 'பொய் விற்பனை' என்று பிரித்தே எழுதுங்கள். 'கைமாற்று' வேண்டாம், அது சிறுகடன்.

த.அ. எழுதியது:
பிரித்தே எழுதுகிறேன். முதற்சொல்லுக்கு மூவர் 'போலிக் கேட்பு' என்று தனிமடலில் ஒத்துக்கொண்டார்கள். அதையே அனுப்புகிறேன்.

வே. எழுதியது:
வங்கித் தமிழில் கேட்பு வரைவோலை (டிமாண்ட் டிராஃப்ட்) இருக்கிறதே! போலிக் கேட்பு என்றால் போலி வரைவோலை என்று புரிந்துகொள்வார்கள். 'ஏலம்' என்ற சொல் முன்னே இல்லாமல் நான் ஒப்பமாட்டேன்.